வருஷத்துக்கொரு பாதை

நாணல்மேட்டுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் மதில் எழுப்பி, ஆற்று வழியைப் பூட்டியது அநியாயம். அந்தப் பூட்டினால் என் அண்ணி குஞ்சம்மாள் அவர்களின் பாடையை, கூப்பிடு தூரத்தில் ஆறு இருந்தும், நூல் ஆலையைச் சுற்றி லால்குடி ரோட்டில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித் தூக்கிப்போனது அதைவிடப் பெரிய அநியாயம். துக்கத்தில் வழக்குப் பேசலாமா என்று கேட்பவர்கள் இத்துடன் படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

மார்கழிப் பனி விலகாத காலையில் கோவிந்தன் திருவானைக்காவலுக்கு, என் வெற்றிலைக் கடைக்கு வந்தான். எங்கள் ஊர்ப் பிள்ளை. அந்த ஆலையிலேயே வாட்ச்மேன். சைக்கிளை விட்டு இறங்காமல், "பெரியம்மா போயிட்டாங்க, சித்தப்பா" என்றான். நான் வெற்றிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். கை அது பாட்டுக்குத் தெளித்துக்கொண்டே இருந்தது.

அண்ணியை அறியாதவர்களுக்கு எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாணல்மேடு இருபது வீடு தேறாத ஊர். ஊரை அடுத்து ஒரு மேடு, அதைத் தாண்டிப் படுகை, அப்புறம் ஆறு. வருஷா வருஷம் வெள்ளம் படுகையில் ஏறிப் பழைய பாதையை அழித்துவிடும். தை பிறந்து தண்ணீர் வடிந்ததும், எங்கள் வீட்டு மருமகள் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு முதலில் நடக்க வேண்டும். அவர் காலடியில் கால் வைத்து ஊர் பின்னால் போகும். ஆற்றில் குடத்தை நிரப்பித் திரும்பி வரும்போது அது பாதையாகிவிடும். அந்த வருஷம் குளிக்கப் போவதும், மாடு போவதும், பிணம் போவதும் அந்த வழிதான்.

அண்ணி வாழ வந்த வருஷம் முதல் நடை நடந்ததை நான் கண்ணால் கண்டேன். பனியில் படுகை தெரியவில்லை. நாணல் பூக்களின் தலை மட்டும் வெள்ளையாக மிதந்தது. அக்கரையில் சீரங்கத்துக் கோபுரங்கள் தரையைத் தொடாமல் நின்றன. அந்த வெண்மைக்குள் அண்ணியின் சிவப்புச் சேலை ஒன்றுதான் நகர்ந்தது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே தூக்கத்தில் நடப்பவர்களைப் போல நடந்தோம். நடுவில் அவர் முழங்கால் வரை புதைந்துவிட்டார். என் அண்ணன் கை கொடுத்துத் தூக்கினார். "இவங்க கையைப் புடிச்ச நாள்லேருந்து நான் சேத்துலதான் நிக்கிறேன்" என்றார் அண்ணி. புது மருமகள் அப்படிப் பேசியதில் கிழவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

எப்படி வழி கண்டுபிடிக்கிறீர்கள் என்று பிறகொரு நாள் கேட்டேன். "கால் புதையாத இடம் பாதை, தம்பி. இதுல என்ன வித்தை இருக்கு?" என்றார்.

என் அண்ணன் காலமான பிறகும் அவரே நடந்தார். விதவை முன்னால் நடக்கலாமா என்று ஒருவர் இழுத்தார். "நீங்க முன்னால போங்க, நான் உங்க பின்னால வரேன்" என்றார் அண்ணி. சேற்றைப் பார்த்துவிட்டு அந்த ஆள் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பிறகு மேட்டையும் படுகையையும் லால்குடி மிராசுதார் ஒருவர் ஆலைக்காரர்களுக்கு விற்றார். அளக்க வந்த கம்பெனி ஆள் மரியாதைக்காரர். உங்கள் பாதை எது, காட்டுங்கள், அதை விட்டுவிட்டுத்தான் அளப்போம் என்று ஊரைக் கூட்டிக் கேட்டார். ஊரார் அண்ணியைப் பார்த்தார்கள்.

"எந்த வருஷத்துப் பாதையைக் கேக்குறீங்க?" என்றார் அண்ணி.

ஊரே பெருமையாகச் சிரித்தது. போன வருஷம் அந்தக் கருவேலத்துக்குக் கிழக்கே, அதற்கு முந்தைய வருஷம் மேற்கே என்று ஆளாளுக்குக் காட்டினார்கள். ஒரு வார்த்தை பொய் இல்லை. நிலையான பாதை எதுவும் இல்லை என்று முடிவு செய்துகொண்டு அந்த ஆள் போய்விட்டார். ஏதாவது ஒரு கோட்டைக் காட்டியிருந்தால் வழி நின்றிருக்கும். எங்கள் ஊருக்கு அந்தப் பொய் தெரியாமல் போயிற்று.

மதில் எழும்பியது. ஊரில் பாதிப் பேருக்கு ஆலையில் வேலை கிடைத்தது. அடுத்த தையில் அண்ணி குடத்தோடு ஆலைக் கேட்டுக்குப் போனார். உள்ளே விட்டால் தன் வேலை போய்விடும் என்று கோவிந்தன் கையைப் பிசைந்தான்.

"உன் வேலை ஏன் போகணும்? நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லுப்பா. நான் போயிட்டு வரேன்" என்றார்.

அவன் திரும்பி நின்றான். பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே அண்ணி நடந்தார். வேலைக்கு வந்திருந்த எங்கள் ஊர்ப் பெண்கள், இயந்திரங்களை விட்டு நகர முடியாமல், ஜன்னல் வழியாகப் பார்த்தார்களாம். பஞ்சு பறந்து அவர் தலையிலும் தோளிலும் படிந்தது. பனிக்குள் போகிறவர் போலவே போனார் என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். ஆற்றுப்பக்கம் இருந்த சின்னக் கதவைத் திறந்து இறங்கி, தண்ணீர் மொண்டு வந்தார். சில வருஷங்கள் அப்படி நடந்தது. பிறகு மேனேஜருக்குத் தெரிந்து, கதவில் பூட்டு விழுந்தது.

போன தையில் பூட்டுவரை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினார். "நான் செத்தா இந்த வழியாத்தான் போவேன், தம்பி. அப்ப யாரு தடுக்கிறாங்கன்னு பார்க்கிறேன்" என்றார். தடுத்தார்கள். பாடையை ஆலை வாசலில் இறக்கிவைத்து வழி கேட்டோம். மேனேஜர் வெளியே வரவில்லை. சுற்றிப் போகச் சொல்லி ஆள்தான் வந்தது.

தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் மேனேஜர் அந்தப் பூட்டை எடுக்க வேண்டும். நிலத்தை விற்ற மிராசுதார், தான் விற்ற மண்ணில் ஊர் நடந்தது உண்மை என்று அவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கோவிந்தன் இந்தத் தடவை முகத்தைத் திருப்பாமல் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அடுத்த மருமகள் இல்லை. நாணல்மேட்டில் எந்த வீட்டு மருமகளாவது, முறை பார்க்காமல், முன்னால் நடக்க வேண்டும். ஆலையில் கூலி வாங்கும் ஆண்கள் அன்று ஒரு வேளைக் கூலியை விட்டுவிட்டு அவள் பின்னால் வர வேண்டும். நான் பாலம் தாண்டி விடிவதற்குள் அங்கே இருக்க வேண்டும். கதவு திறக்காவிட்டால், திறக்கும்வரை எல்லோரும் அதன் முன்னால் நிற்க வேண்டும்.

அண்ணி, நீங்கள் நடந்தது போதும். நிம்மதியாக இருங்கள். இனி நிற்பது எங்கள் வேலை.