நெருப்புச் சுள்ளி தூக்கிய பருந்து

போன வாரம் எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு பருந்து சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தது. கூடு கட்டும் பருவம், வேறொன்றுமில்லை. நானோ அந்தச் சுள்ளியில் புகை வருகிறதா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மருமகள் சிரித்தாள். நீங்களும் சிரிக்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சாந்தோமில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை, குடியிருக்க ஒரு மாடியறை. ஜன்னலைத் திறந்தால் முதலில் கருவாட்டு வாசனை வரும், பிறகுதான் கடல் தெரியும். கீழே மீனவர் குப்பம், முழுக்கக் கீற்றுக் கூரை. அதை ஒட்டிய பனையில் ஒரு பருந்து கூடு கட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பங்குனியில் பட்டப்பகலில் கூரைகள் எரிந்தன. முதலில் அந்தோணி வீடு, பிறகு பக்கத்து வீடு. இரண்டிலும் அப்போது அடுப்பு மூட்டியிருக்கவில்லை. இரண்டாவது தீயில் ஒரு கைக்குழந்தை போய்விட்டது. அதன்பின் குப்பத்தில் யாரும் யாரையும் நம்பவில்லை. அந்தோணிக்கும் அவன் தம்பி சூசைக்கும் வலைத் தகராறு இருந்ததால் பழி சூசைமேல் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஜன்னலருகே நின்றேன். சுடுகாட்டுப் பக்கமிருந்து பருந்து வந்தது. காலில் சுள்ளி, அதன் நுனியில் நூல்போலப் புகை. கீழே சூசையைக் கட்டுமரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

"அவர் இல்லைங்க! பருந்துதான் சிதையிலேருந்து நெருப்பு எடுத்துட்டு வருது!"

"இன்னா டீச்சரம்மா," என்றான் அந்தோணி. "பச்சப் புள்ள வெந்து செத்துக்கீது. இப்போ வந்து கத வுட்றீங்களே!"

நான் பனையைக் காட்டினேன். கூடு புகைந்தது. பிறகு குப்பென்று பற்றியது. பருந்து அதைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. எரியும் சுள்ளிகள், அந்தோணி புதிதாக வேய்ந்த கூரைமேல் உதிர்ந்தன. யாரோ சூசையைக் கட்டிய கயிற்றை அறுத்துவிட்டார்கள். அவன்தான் முதலில் கூரையேறி, எரிகிற கீற்றை வெறுங்கையால் பிய்த்து எறிந்தான்.

தீ அணைந்ததும் அந்தோணி, "மன்சுல வச்சிக்காதடா," என்று அழுதான்.

சூசை கொப்புளித்த கைகளை ஊதிக்கொண்டே சொன்னான்: "இன்னைக்கி பருந்து வந்து காப்பாத்திச்சி. நாளைக்கி வேற எதுனா எரிஞ்சா யாரு வருவாங்கண்ணா?"

மறுநாளே குடும்பத்தோடு போய்விட்டான்.

அந்தப் பனை பட்டுப்போய் மழைக்காலத்தில் சாய்ந்தது. கீற்று போய் ஓடு வந்தது, பிறகு குப்பமே தள்ளிப்போய் அங்கே ரோடு வந்துவிட்டது. அந்தோணியும் இல்லை. சாகும்வரை, வெளியூர் போய்வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான்: "எங்க சூசைய பாத்தியா? கையி ஆறிப்போச்சா?"

ஒருவரும் பார்த்திருக்கவில்லை.