படியில் கிடந்த சிவப்புச் செருப்பு

என் மகளின் நான்கு வயதுக் காலுக்கென்று செவ்வாய்ப்பேட்டையில் தேடி வாங்கிய சிவப்புச் செருப்பு அது. குதிகாலில் வார் வைத்தது. வாங்கித் தந்தவர் என் மூத்தார், கணவரின் அண்ணன். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். முட்டை ஓடுகூட நுழையாத சைவ வீடு.

எண்பதுகளின் தொடக்கம். குழந்தை வெளுத்துக்கொண்டே போனாள்; நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். டானிக் கொடுத்தால் வாந்தி. டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்து, "சுவரொட்டி குடுத்துப் பாருங்க" என்றார். ஆட்டின் மண்ணீரல். கணவரிடம் சொன்னேன். "அண்ணனுக்குத் தெரிஞ்சா மூணு பேரும் ஊட்டை விட்டுப் போகோணும்" என்றார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

சூரமங்கலத்தில் பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி பாயின் ஹலால் கறிக்கடை. எஞ்சின் டிரைவரின் ஆங்கிலோ இந்திய மனைவி, மலையாள நர்ஸ், தறிக்காரர், லாரிக்காரர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கடைக்குப் பின்னால் ஒரு சாக்குப் படுதா. அதற்கப்பால் பாயின் வீடு. வாரம் இருமுறை குழந்தையை அங்கே கூட்டிப் போவேன். பாயின் மனைவி மிளகும் உப்பும் தடவி, தணலில் சுட்டுத் தருவார். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும்.

"ஏனுங்க பாய், உங்க ஆடு மட்டும் சுவரொட்டி இல்லாமயே பொறக்குதா?" என்று லாரிக்காரர் இடிப்பார்.

"ஒரு கொழந்தைக்குப் போயிருச்சுங்க" என்பார் பாய்.

வேறு ஏதாவது சொல்லுங்களேன் என்று பாயிடம் கெஞ்சிப் பார்த்தேன். "அல்லா பேரைச் சொல்லி அறுக்கிற வாயிம்மா. அதுல பொய் வரக் கூடாது." அவருடைய நேர்மையை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

ஒரு காலை, திடீரென்று மழை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். நடுவே மூத்தாரின் குரல். "பெரியப்பா" என்று எழுந்த குழந்தையின் வாயைப் பொத்தினேன். உள்ளே பாதி மென்ற துண்டு. அந்த வீட்டுக்குப் பின்கதவு கிடையாது. அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு வீட்டுக்குள் போகிறோம் என்ற பழக்கத்தில், இருவர் செருப்பையும் கடைப்படியிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தேன்.

வெளியே அவர் பேச்சு பாதியில் நின்றது. "உள்ள யாருங்க பாய்?"

கத்தி கட்டையில் இரண்டு முறை விழுந்தது. "பொம்பளைங்க இருக்காங்கண்ணா."

ஒரு பஸ் வந்து போனது. அவர் ஏறவில்லை. சாக்கின் கிழிசலில் அவருடைய குடை நுனி மட்டும் தெரிந்தது. அது மெல்ல நீண்டு, சிவப்புச் செருப்புகளை ஒவ்வொன்றாக மழை படாத பக்கம் தள்ளியது. என் செருப்பை அப்படியே நனைய விட்டது. அடுத்த பஸ்ஸில் அவர் போய்விட்டார்.

அன்று மாலை அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. வேறு வழியின்றி அடுத்த வாரமும் பாய் கடைக்குப் போனேன். குழந்தையின் முகத்தில் ரத்தம் ஏறியபோது, "தேறிட்டா" என்று அவரே சொன்னார். சாப்பிடும்போது அவர் தொண்டையைச் செருமினால் பரிமாறுவதை நிறுத்திவிட்டு நிற்பேன். அவர் சாகும் வரை, ஏறக்குறைய பதினாறு வருடம், அவர் கேட்கப்போகும் அந்த ஒரு கேள்விக்காக அதே படுதாவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். மன்னித்தாரா, மனதில் வைத்திருந்தாரா, இன்றும் தெரியாது.

மகளுக்கு இது ஐந்தாம் மாதம். ரத்தம் குறைவு என்று நேற்று போனில் சொன்னாள். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. காலையில் ஒரு கறிக்கடைக்குப் போனேன். வேறு தெரு, வேறு பாய், கண்ணாடிக் கதவு. என்னைக் கேட்க இன்று வீட்டில் யாருமில்லை.

"செருப்போடவே வாங்கம்மா" என்றார் கடைக்காரர்.

நான் அதற்குள் கழற்றிப் பையில் போட்டிருந்தேன்.