கூடுதலாக ஒரு மாத்திரை

கொரோனாவின் முதல் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம். ஒரகடத்தில், நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே எங்கள் வீடு. நானும் மனைவியும் மட்டும்தான். அவளுக்கு மார்பகப் புற்றுநோய். ஆறு கீமோவில் மூன்று முடிந்து, நான்காவதற்கு நாள் குறித்திருந்தார்கள்.

மூன்றாவது கீமோவுக்குச் சென்னைக்குப் போனபோது, மருத்துவமனை வாசலில் எங்களுக்கு முன்னால் நின்றவரின் நெற்றியில் வெப்பமானியைக் காட்டி, காய்ச்சல் என்று ஓரமாக நிறுத்திவிட்டார்கள். எங்களைப் போலவே கையில் ஃபைல், தலையில் துண்டு. நாங்கள் சிகிச்சை முடிந்து வெளியே வந்தபோதும் அவர் அங்கிருந்த வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் மனைவிக்கு அதே நினைப்பு. கொரோனா வந்துவிடுமோ என்பதைவிட, காய்ச்சலென்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால், கீமோ தள்ளிப்போய் கட்டி வளர்ந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிது. நாளைக்கு இருபது தடவை கழுத்தை நீட்டுவாள். "சுடுதா பாருங்க." புறங்கையால் தொட்டுவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்பேன். தெர்மாமீட்டரைக் கையிலேயே வைத்திருக்கிறாள் என்று அதையும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன்.

நான்காவது கீமோ அன்று காலை அவள் கழுத்து நிஜமாகவே சுட்டது. பழக்கம்போல "ஒண்ணும் இல்ல" என்றேன். அளந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காலை மாத்திரைகளோடு காய்ச்சல் மாத்திரை ஒன்றையும் சேர்த்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இன்னைக்கு ஒண்ணு கூட இருக்கே?"

"வாந்திக்கு."

மறுபேச்சு இல்லாமல் விழுங்கினாள்.

நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். அளவு குறைந்த ஒரு ஷாஃப்டை, அதாவது இயந்திரத் தண்டை, சூட்டில் விரிந்திருக்கும்போதே அளந்து சரியென்று எழுதிய ஆபரேட்டர் ஒருவரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிப்போட்டு, அவர் வேலையே போகக் காரணமாக இருந்தவன். அன்று காலை அவர் நினைவு வந்தது. வந்தும் நான் நிறுத்தவில்லை.

ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஒன்று ஓட்டமில்லாமல் கிடந்தது. அதைத்தான் பேசியிருந்தோம். அந்தப் பயணத்தை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆறு வழிச் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியே இல்லை.

"இன்னா சார், ரோடு இப்டி காலியா கீது! நடு ரோட்ல மாடு படுத்துகினு கீது பாருங்க" என்றார் டிரைவர்.

"நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுத் தூங்குதுப்பா. ஆரன் அடிச்சு எழுப்பாத" என்றாள் அவள்.

என் தொழிற்சாலை கேட்டைத் தாண்டும்போது என் தோளை இடித்தாள். "உங்க சின்ன வீடு பூட்டிக் கெடக்கு பாருங்க." எத்தனையோ நாள் கழித்து அவள் சிரித்தது அன்றுதான். ஜன்னல் காற்றில் முகத்தை வைத்துக்கொண்டு, "இன்னைக்கு உடம்பு லேசா இருக்குங்க" என்றாள். மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது.

வாசலில் தடை எதுவும் இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. இன்று கீமோ முடியாது, வீட்டுக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். நாற்காலியிலேயே அழ ஆரம்பித்தாள். நான் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அப்போது நர்ஸ் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். "காய்ச்சல், குளிர் ஏதாவது இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். இருவருமே இல்லையென்றோம். அவர் என்னை மட்டும் நடைபாதை ஓரத்துக்குக் கூப்பிட்டார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"ஐயா, உள்ள வந்தாச்சு. இனிமே காய்ச்சல்னு உங்களை யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்க. இந்த ரத்தத்தோட காய்ச்சலும் இருந்தா அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது. பொழுது விடியறதுக்குள்ள கை மீறிடும். மாத்திரை குடுத்துட்டுக் கூட்டிட்டு வந்தீங்களா?"

ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"எத்தனை மணிக்கு?"

"ஆறரை."

ஒரு வார்த்தை திட்டவில்லை. திரும்பி ஓட்டமாக ஓடினார். அரை மணி நேரத்தில் அவள் கையில் கிருமியைக் கொல்லும் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் காய்ச்சல் நூற்று மூன்றைத் தொட்டது. கொரோனா இல்லை, வேறு கிருமி. கொரோனாவாக இருந்திருந்தால், அந்தக் கூடத்தில் அவளைப் போலவே பலவீனமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் நான் என்ன செய்திருப்பேன்? அவளைச் சேர்த்திருந்த பதினொரு நாளும் என்னை உள்ளே விடவில்லை. பகலெல்லாம் அதே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பிய பிறகு, அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும். இத்தனை வருஷமா உங்க தலைவலிக்கு அந்த மாத்திரையை எடுத்துக் குடுத்தவ நான்தானே? எனக்கா அடையாளம் தெரியாது? தெரிஞ்சுதான் முழுங்கினேன். எனக்கும் உள்ள போகணுமே."

மீதிக் கீமோக்களும் முடிந்து, அதன் பிறகு மூன்று வருடம் நன்றாக இருந்தாள். கழுத்தை நீட்டும்போதெல்லாம் தொட்டுப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். நோய் திரும்பி வந்து, போன வருடம் போய்விட்டாள். அன்று அவள் சொன்னது நிஜமா, அல்லது என் பாரத்தைக் குறைக்கச் சொன்னதா என்று நான் கேட்கவே இல்லை. பயந்திருப்பவரிடம் "ஒண்ணும் இல்ல" என்று சொல்வது ஆறுதல் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது அவளைப் பயத்தோடு தனியே விட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளச் சொன்ன வார்த்தை என்பது, தொட்டுப் பார்க்க அந்தக் கழுத்து இல்லாத இப்போதுதான் முழுதாகப் புரிகிறது.