பிள்ளைங்ககிட்ட சொல்லியாச்சா?

திரேஸ்புரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தகவல் முதலில் கோயிலுக்குப் போகும். அடுத்தது பிளாரன்ஸ் அக்காவுக்கு. சொந்தக்காரர்கள் கடற்கரை நெடுகச் சிதறிக் கிடக்கிறார்கள், யாரையும் விட்டுவிட்டோம் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று அவசரம் அவசரமாக மைக் ஆட்டோவைக் கூப்பிடுவார்கள். அக்கா பின்னால் உட்கார்ந்து அறிவிப்பார். நான் ஓட்டுவேன். என் பேர் வீரபாகு, முத்தையாபுரத்துக்காரன்.

துணிக்கடைத் தள்ளுபடி, புயல் எச்சரிக்கை, தண்ணீர் வராத நாள் எல்லாமே அக்கா அறிவிப்பதுதான். ஆனால் ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டது சாவை மட்டும். கணீரென்ற குரல். கடையில் நின்று கொத்தமல்லி கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர் திடுக்கிட்டுத் திரும்புவார். பெண் பார்க்க வந்தவர்கள் குரலைக் கேட்டதும் எழுந்து போய்விட்டார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அது நிஜமா கிண்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை என்பது மட்டும் தெரியும்.

இப்போதெல்லாம் துக்க வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா ஒரு கேள்வி கேட்கிறார். "வீட்டுல பிள்ளைங்ககிட்ட சொல்லியாச்சா?" இல்லையென்றால் மைக்கைத் தொட மாட்டார். இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா இது என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. அக்கா அசைய மாட்டார். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

போன வருஷம் குழந்தைகள் மனநலத்துக்கு விழிப்புணர்வு வாரம் என்று ஓர் அமைப்பு எங்களைக் கூப்பிட்டது. சிவப்பிரகாஷ் என்று ஓர் இளைஞர் வாசிக்க வேண்டியதைத் தாளில் அடித்துக் கொடுத்தார். 'குழந்தைகளின் உணர்வுசார் மற்றும் மனநலம்சார் இடர்பாடுகளைத் தொடக்க நிலையிலேயே இனங்கண்டு' என்று ஆரம்பித்தது, பாதித் தாள்வரை முற்றுப்புள்ளியே இல்லை.

"இத மூச்சு விடாம வாசிச்சா என் மனநலம் போயிரும் வீரபாகு," என்றார் அக்கா. மாற்றலாமா என்று கேட்டதற்கு, "மேலிடத்துல ஒப்புதல் வாங்கினது மேடம்," என்றார் சிவப்பிரகாஷ். அக்கா அப்படியே வாசித்தார்.

ஒவ்வொரு தெருவிலும் ஒரே கூத்து. அக்கா குரல் கேட்டதும் மீன் கழுவிய கையோடு பெண்கள் ஓடி வருவார்கள்.

"எக்கா, யாருக்கு?"

"யாருக்கும் இல்லளா. பிள்ளைங்க மனசப் பத்திச் சொல்லுதோம்."

"அவ்வளவுதானா!" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். சாவென்றால் ஓடி வருகிற கால் இதற்கு நிற்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா அடுத்த தெருவுக்குப் போகச் சொன்னார்.

மறுநாள் கடலோரத் தெரு ஒன்றில் திரும்பியபோது பிரேமா ஆட்டோவுக்குக் குறுக்கே வந்து நின்றாள். தோணித் தொழிலாளி பாஸ்கலின் மனைவி. பாஸ்கல் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணியிலேயே நெஞ்சுவலி வந்து இறந்தவன். அவனுடைய அறிவிப்பையும் நாங்கள்தான் செய்தோம்.

"எக்கா, உனக்குப் புண்ணியமாப் போவும், இந்தத் தெருவுக்குள்ள வராத. உன் சத்தம் கேட்டாலே ஜெமிமா கதவ அடைச்சுட்டுக் கட்டிலுக்கு அடியில போயிருதா. பள்ளிக்கூடத்துக்கும் போவ மாட்டேங்குதா."

ஜெமிமா அவளுடைய மகள், எட்டு வயது. தகப்பன் இறந்த செய்தி போனில் வந்ததும், உடல் வந்து சேரும்வரை பிள்ளையிடம் சொல்லக் கூடாது, பயந்துவிடும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். கதவை அடைத்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். பிள்ளை தெருக்குழாயடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்டோ அவளைத் தாண்டிப் போனது, அவள் அப்பா பேரைச் சொல்லிக்கொண்டே.

பிரேமா சொல்லி முடித்ததும் அக்கா ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு இறங்கினார். நான் வாசலோடு நின்றுகொண்டேன். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"ஏளா ஜெமிமா, மைக் கொண்டு வரல, பாரு."

பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து கேள்வி வந்தது. "அடுத்து எங்க அம்மா பேரச் சொல்லப் போறீயளா?"

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. அக்கா யார் பேரைச் சொல்கிறாரோ அவர்கள் செத்துப்போவார்கள் என்று அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போன நேரத்தில் ஆட்டோ வந்துவிட்டால்? "நான் இங்கன இருந்தா வாசக்கதவ அடைச்சிருவேன். சத்தம் உள்ள வராதுல்லா," என்றாள். ஊரே அடம் என்று சொன்னது. அவள் அம்மாவுக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

"நான் சொல்லி யாரும் சாவதில்லளா," என்றார் அக்கா. "ஆள் போன பொறவுதான் எனக்குப் பேரு வரும்."

பிள்ளை யோசித்தாள். "அப்போ அப்பா பேரு உங்களுக்கு வந்திச்சுல்லா. எனக்கு ஏன் வரல?"

பிரேமா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உனக்குத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும்," என்றார் அக்கா. "எல்லாரும் தப்புப் பண்ணிட்டோம்."

அதன் பிறகுதான் ஜெமிமா வெளியே வந்தாள். அக்கா அவளை ஆட்டோவுக்குக் கூட்டி வந்து, என்னை ஆம்ப்ளிஃபயரைப் போடச் சொன்னார். "திரேஸ்புரம் பிளாரன்ஸ்! திரேஸ்புரம் பிளாரன்ஸ்!" என்று தன் பேரையே தெரு அதிர அறிவித்தார். தன்னைக் கிள்ளிப் பார்த்து, இருக்கிறேன் என்று காட்டினார். அடுத்து என் பேர். இதையெல்லாம் நம்புகிற ஆளில்லை நான். ஆனாலும் கை தானாக நெஞ்சுக்குப் போனது. பிள்ளை என்னையே உற்றுப் பார்த்தாள். நான் சாகவில்லை.

பிறகு அக்கா மைக்கை அவளிடம் நீட்டினார். "உங்கம்மா பேர நீயே சொல்லு."

தெருவில் கூடியிருந்த பெண்கள் பதறினார்கள். "உசுரோட இருக்கவ பேர அந்த மைக்குலயா? வேண்டாம்ளா!" பிரேமாவின் முகமும் வெளிறித்தான் போனது. எங்கள் மைக்கில் தன் பேர் வருவதை அந்தத் தெருவில் யாருமே விரும்ப மாட்டார்கள். அவள் நெற்றியிலிருந்து நெஞ்சுவரை சிலுவை போட்டுக்கொண்டாள். "சொல்லட்டும்," என்றாள்.

ஜெமிமாவை அந்த அமைப்பின் ஆலோசகரிடம் கூட்டிப் போனது, மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது எல்லாம் அதற்குப் பிறகு மெதுவாக நடந்தவை. நடுவில் பழையபடி கட்டிலுக்கு அடியில் போன நாட்களும் உண்டு. அன்றைக்கு நடந்தது இது மட்டும்தான்.

ஜெமிமா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் ஒலிபெருக்கிக் குழாயில் வந்தது. பிறகு சொன்னாள்.

"பிரேமா."

"என்னளா," என்றாள் பிரேமா வாசலிலிருந்து.

பிள்ளை அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மறுபடி சொன்னாள். மறுபடியும் பதில் வந்தது. அக்கா மைக்கைத் திரும்பக் கேட்கவில்லை, நானும் வண்டியை எடுக்கவில்லை. பிள்ளை தனக்குப் போதும் என்று தோன்றுகிறவரை அம்மா பேரைத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் பிரேமா, "இங்கனதான்ளா இருக்கேன்," என்றாள்.