ஆனை எண்டு கத்து

என் இடது முன்கையில் ஒரு கோடு ஓடுகிறது. மணிக்கட்டில் தொடங்கி முழங்கைக்குப் பாதி வழியில் களைத்துப்போய் நிற்கிறது. பதினொரு தையல். வெயிலுக்குக் கறுக்கும், மழைக்குச் சிவக்கும். பார்ப்பவர்கள் செல் குண்டு பட்டதோ என்று கேட்பார்கள். வன்னியில் ஐம்பதைத் தொடப்போகிற உடம்பில் தழும்பு இருந்தால் வேறெப்படிக் கேட்பார்கள்? இல்லை, செல்லுக்கும் துப்பாக்கி ரவைக்கும் தப்பி வந்த கை இது. வெங்காயம் வெட்டுகிற கத்தியிடம்தான் அகப்பட்டது. இதைச் சொல்ல வரும்போதெல்லாம் முதலில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

என் தங்கை புருசனை விட்டுவிட்டு ஒரு சூட்கேசும் ஒரு சைக்கிளுமாக மல்லாவிப் பக்கமுள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவன் அடிக்கிறவன். அடித்துவிட்டு அழுகிறவன், அழுதுவிட்டு மறுபடி அடிக்கிறவன். வந்த இரண்டாம் மாதம் அவளுக்குக் கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்குச் சந்தியில் கம்பனி பஸ் ஏற்றும். அந்தச் சேதி அவன் காதுக்குப் போக, அவனுடைய சேதி எங்கள் வேலிப் படலைக்கு வந்தது. அவள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தால் இனித் திரும்பி வரமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸில் ஏறினால் வெட்டுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

பொலிசுக்குப் போனோம். அவனைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்து, வேலியோரம் நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். ஆக, எல்லாம் அந்த ஆறு மணி பஸ்ஸில் வந்து நின்றது. அவள் ஏறுவாளா, மாட்டாளா? வீட்டிலிருந்து சந்திக்கு இரண்டு கிலோமீற்றர். வாய்க்கால் வீதி. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். வீடுகள் தென்னைகளுக்குப் பின்னால் உள்ளொடுங்கி இருக்கும். நானோ ஓரிடத்தில் குந்தத் தெரியாதவள், காற்றுக்குப் பிறந்தவள் என்று அம்மா திட்டுவா. நாளும் காலையில் அவளோடு சந்திவரைக்கும் சைக்கிளில் போய்வர என்னைவிட ஆள் யார்?

அந்த நாட்களில்தான் மாதர் சங்கம் பொதுநோக்கு மண்டபத்தில் தற்காப்பு வகுப்பு வைத்தது. வவுனியாவிலிருந்து ஒரு மாஸ்ரர் வந்தார். இளம் பிள்ளை, வெள்ளை உடுப்பு, கறுப்புப் பட்டி, றப்பர் கத்தி. கத்தியோடு கை வரும், மணிக்கட்டைப் பிடி, முறுக்கு, கத்தி விழும் என்று சொல்லித் தந்தார். விழத்தான் செய்தது. ஏனென்றால் பிடித்திருந்த கை விடுவதற்குத் தயாராக இருந்தது. தங்கையும் நானுமாக நாங்கள் பதினைந்து பெண்கள், சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, பிடித்து முறுக்கி, பிடித்து முறுக்கி, உலகத்துக் கத்தியை எல்லாம் நிலத்தில் கொட்டிவிட்டவர்கள் மாதிரி வேர்த்து விறுவிறுத்து நின்றோம்.

வகுப்பில் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் பகுதியில் வேலை. என் வயதுதான் இருக்கும். சின்ன வயதில் முல்லைத்தீவிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் முடித்து, பேரப்பிள்ளை காணும் வயதில் திரும்பி வந்த முஸ்லிம் பெண். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"மாஸ்ரர், நாளைக்கு வெள்ளைச் சேட்டோடையே வாங்கோ. நான் கத்தி கொண்டு வாறன்."

கொண்டுவந்தது ஒரு அகப்பைக் காம்பு. ஒரு கோப்பை மஞ்சள் தண்ணீர். காம்பை அதில் தோய்த்து, தடுத்துப் பாருங்கோ என்று சொல்லிக்கொண்டே இடது கையால் மாஸ்ரரின் கழுத்துப்பட்டியைப் பிடித்தார். வலது கை ஒருதரம் வந்து நிற்கவில்லை. தையல் மெசின் ஊசி மாதிரி வந்துவந்து போனது. ஒரு வசனம் சொல்லி முடிக்கிற நேரம்கூட இல்லை. மாஸ்ரர் மணிக்கட்டைப் பிடித்தும்விட்டார், அதுதான் வேடிக்கை. பிடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் வெள்ளை உடுப்பில் பதினான்கு மஞ்சள் கோடுகள். வயிற்றில், விலாவில், கழுத்தடியில், கூடுதலாகக் கைகளில்.

மண்டபம் சிரித்தது, பிறகு சிரிப்பு மெல்லமெல்ல அடங்கியது. தங்கை மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை.

காயம் கட்ட வருகிறவர்களின் உள்ளங்கைகளைத்தான் தான் கூடுதலாகக் கண்டிருப்பதாக அந்த ஆஸ்பத்திரி அக்கா சொன்னா. கத்தியைப் பிடிக்கப் போன கைகள். ஓடித் தப்பினவர்களுக்கு மருந்து கட்டத் தனக்கு வாய்த்ததில்லையாம். அவர்கள் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. கேட்கிறதைக் கொடுத்துவிட்டு ஓடு, என்றா. கேட்கிறது உன் உயிரென்றால் இடையில் எதையாவது வைத்துவிட்டு ஓடு. ஓட இடமில்லாதபோது மட்டும்தான் மற்றக் கதை, கையால் தடுக்கிற கதை. அந்தக் கதையிலும் வெட்டு விழும் என்று நினைத்துக்கொண்டே இறங்கு.

மாஸ்ரரை நான் மெச்சத்தான் வேண்டும். கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். மஞ்சள் சேட்டோடு கதிரையில் இருந்து யோசித்துவிட்டு, "அப்ப நானும் படிக்கிறன்" என்றார். அன்றிலிருந்து வகுப்பு வேறு வகுப்பானது. சைக்கிளால் குதித்து அதைப் படலை மாதிரிக் குறுக்கே பிடிக்கப் பழகினோம். சேலையோடு ஓடப் பழகினோம். அது கரணம் போடுவதைவிடக் கஷ்டம். பிறகு கத்தப் பழகினோம்.

அங்கேதான் இடறியது. "ஐயோ காப்பாத்துங்கோ" என்று பதினைந்து பெண்கள் மண்டபம் இடியக் கத்தினோம். ஒரு நாய் குரைத்தது. ஒருவரும் வரவில்லை. வகுப்பு முடிந்து போகையில் பக்கத்து வீட்டுக்காரி படலையில் நின்றா. சத்தம் கேட்டதோ என்று கேட்டேன். கேட்டது, ஏதோ புருசன் பெஞ்சாதி பிரச்சினை என்று நினைத்து ரீவிச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன் என்றா, கூச்சமில்லாமல். அவாவைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தலைமுறைக்கு அலறல் கேட்டால் உள்ளே போகத்தான் தெரியும். எத்தனை வருசம் அப்படித்தானே உயிரைக் கொண்டுவந்து சேர்த்தோம். யுத்தம் போய்விட்டது. பழக்கம் மட்டும் எங்கள் வாசல்களில் காலை மடித்துப் படுத்துக்கிடக்கிறது.

அந்தக் கிழமையே, வயல் குடலை தள்ளும் பருவம். நெற்பயிரின் வயிற்றில் கதிர் கட்டும்போது காட்டுக்குள் நிற்கிற ஆனைக்கு எப்படித்தான் வாசம் போகுமோ தெரியாது. பின்னேரம் ஐந்து மணிக்கு யாரோ ஒருவர் "ஆனை" என்று ஒரு குரல் கொடுத்தார். ஒரேயொரு குரல். அடுத்த நிமிசம் வாய்க்கால் வீதி சனத்தால் நிரம்பியது. ஆனையை விரட்டும் ஆனைவெடியோடு ஒருவர், தகரத்தோடு இன்னொருவர், பால் குடிக்கும் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி சட்டியில் தட்டிக்கொண்டு ஒரு தாய். ரீவியைக் கூட்டிவிட்டவாவும் உலக்கையோடு முன்னுக்கு நின்றா.

தங்கை குசினி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"அக்கா, ஆனைக்கு வாற சனம் எனக்கு வராதோ?"

அடுத்த வகுப்பில் அந்தக் கேள்வியை நான் எல்லாருக்கும் முன்னால் வைத்தேன். ஆனை என்றே கத்தலாமே என்று ஒரு குரல் வந்தது. பொய்க்கு ஆனையைக் கூப்பிட்டால் பிறகு உண்மையான ஆனைக்குச் சனம் வராது என்று ஒருவர் மறித்தார். நியாயம்தான்.

"ஆனை வந்தா வயல் போகும்" என்றா ஆஸ்பத்திரி அக்கா. "வயல் அடுத்த போகத்துக்குத் திரும்பி வரும். நீ ஆனை எண்டு கத்து பிள்ளை. கேக்கிற ஆக்களுக்கு நான் பதில் சொல்லுறன்."

மூன்று மாதம் போனது. அவன் வரவில்லை. வராத ஒவ்வொரு காலையும் வந்த மாதிரியே இருந்தது. வீதியில் ஆள் மறையத் தோதான இடம் வாய்க்கால் மதகுதான். அதைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் இரண்டு சைக்கிள்களும் தாமாகவே வேகம் எடுக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நிலம் வெளிக்கிற நேரம், மதகுக்குப் பின்னாலிருந்து வந்தான். படங்களில் வருவதுபோல வசனம் இல்லை, தூசண வார்த்தைகூட இல்லை. கத்தி மின்னவும் இல்லை. நான் கத்தியைக் காணவேயில்லை. கையால் குத்த வருகிறான் என்றுதான் நினைத்தேன். தங்கை கண்டாள். பிடியில் பழஞ்சீலை சுற்றின அந்தக் கத்தியைக் கோயில் திருவிழாக் கடையில் வாங்கினவளே அவள்தான். அதால் அவனுக்கு எத்தனை கறிக்கு வெங்காயம் வெட்டியிருப்பாள்.

குதித்தாள். சைக்கிள் படலையானது. முதல் குத்து கூடைக்குள் இருந்த சாப்பாட்டுப் பெட்டியில் விழுந்து டங் என்றது. நான் என் சைக்கிளை அவள் சைக்கிளோடு சேர்த்து முட்டுக்கொடுத்தேன். ஆனால் என்னுடையது பொம்பிளைச் சைக்கிள், நடுவில் பார் இல்லை. அந்த இடைவெளியை மண்டபத்தில் நாங்கள் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. அவன் கை அதுக்குள்ளால் வந்தது. சுடுதண்ணீர் ஊற்றினதுபோல ஏதோ என் கையில் ஓடியது. நோகவில்லை. நோவு ஆறஅமர ஒரு மணித்தியாலம் கழித்து வந்து சேர்ந்தது. வாயைத் திறந்தேன். மூன்று மாதம் பழக்கின குரல் வரவேயில்லை.

தங்கைக்கு வந்தது. அடி வாங்கும்போது அயலுக்குக் கேட்காமல் வாயைப் பொத்திப் பழகினவள் அவள். அத்தனை வருசம் பொத்திவைத்தது எல்லாம் ஒன்றாய் வெளியே வந்தது.

"ஆனை! மதகடியிலை ஆனை!"

இனிச் சொல்வதை நம்புகிறவர்கள் நம்புங்கள். அவன் திரும்பிப் பார்த்தான். கத்தியை நீட்டிக்கொண்டு நின்ற மனிசன், வயல்காரனின் மகன், பிறந்த நாளிலிருந்து அந்தச் சொல்லுக்குத் தலை திருப்பின உடம்பு. தன்னை அறியாமல் காட்டுப்பக்கம் திரும்பி ஆனையைத் தேடினான். ஒரு நொடிதான். தங்கை சைக்கிளோடு முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். வரம்பால் சறுக்கி வயலுக்குள் விழுந்தான். அவள் என் மற்றக் கையைப் பிடித்து இழுத்தாள். பழகினபடி ஓடினோம். சந்திப் பக்கம், சனத்தின் பக்கம், திரும்பிப் பார்க்காமல்.

தென்னைகளுக்குப் பின்னாலிருந்து ஊர் கிளம்பி வந்தது. தகரம், சட்டி, உலக்கை. பத்தவைத்த ஆனைவெடியோடு முன்னுக்கு வந்த பெரியவர் மூச்சிரைக்கக் கேட்டார்:

"எங்கை பிள்ளை ஆனை?"

"அந்தா வயலுக்கை எழும்புது, ஐயா. பாருங்கோ" என்றாள் தங்கை.

சேறு பூசி, கத்தியோடு வரம்பில் ஏறிக்கொண்டிருந்தவனைச் சனம் கண்டது. என் கையில் ஒழுகிய இரத்தத்தையும் கண்டது. பத்தவைத்த வெடி, கையில் வைத்திருக்க ஏலாது. பெரியவர் வாய்க்காலுக்குள் எறிந்தார். அந்தச் சத்தத்துக்கு எங்கள் வயதுக்காரர் எல்லாரும் என்ன செய்வோமோ அதைத்தான் அவனும் செய்தான். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தான். கத்தி அவனை விட்டுத் தூரத்தில் கிடந்தது. யாரும் அவன் மணிக்கட்டை முறுக்கத் தேவைப்படவில்லை. நாலு பேர் மேலே குந்தினார்கள். இரண்டு அடி விழுந்தது. மூன்றாவது விழமுன் பெரியவர் மறித்து, பொலிசுக்குப் போன் எடுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் என் கையைப் பார்த்தேன். வீதியில் அப்படியே இருந்துவிட்டேன். ரீவிக்காரி தன் சேலைத் தலைப்பைக் கிழித்து என் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாய் ஓயாமல் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தா. அந்தத் திட்டில் எனக்கும் அவாவுக்குமான பழைய கணக்கெல்லாம் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் தைக்க, பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்திருந்தது ஆஸ்பத்திரி அக்காதான்.

"எத்தினை கோடு?" என்று கேட்டா.

"ஒண்டு."

"ஒண்டோ?" முகம் முழுக்கச் சிரிப்பு. "மாஸ்ரருக்குப் பதினாலு. அவருக்குச் சொல்லத்தான் வேணும்."

அன்று முழுக்கப் பொலிசில் வாக்குமூலம். அவனை மறியலில் அடைத்தார்கள். தங்கை அன்று பஸ்ஸை விட்டுவிட்டாள். இருட்டுப்பட வீட்டுக்கு வந்து, நெளிந்த சாப்பாட்டுப் பெட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்தாள். நாளைக்கு என்ன செய்யப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கழுவிக் கவிழ்த்த பெட்டி சொல்லிவிட்டது.

மறுநாள் விடிய என் கை தூக்குப்பட்டியில். எனக்குச் சைக்கிள் ஓட ஏலாது. நீ படு அக்கா என்றாள். படுக்கிற ஆளா நான். அவள் ஓட, நான் பின்னால் கரியரில் ஏறி இருந்தேன். மதகு வந்தது. சைக்கிள் வேகம் எடுக்கவில்லை. மதகில் வெடி எறிந்த பெரியவர் வேப்பங்குச்சியோடு பல் விளக்கிக்கொண்டு நின்றார். அடுத்த படலையில் இன்னொருவர் பல் விளக்கிக்கொண்டு நின்றார். அதற்கடுத்த படலையில் ஒரு தாயும் மகளும். வாழ்க்கையில் விடியக்காலை ஆறு மணிக்கு முன் எழும்பாத வீடுகள் எல்லாம் அன்று வீதிக்கு வந்து பல் விளக்கின. யாரும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. சும்மா நிற்கிறார்களாம்.

"வெடி ஒண்டு வீணாப் போச்சு பிள்ளை" என்றார் பெரியவர், எச்சிலைத் துப்பிவிட்டு.

"வாங்கித் தாறன் ஐயா. சம்பளம் வரட்டும்" என்றாள் தங்கை, சைக்கிளை நிறுத்தாமலே.

சந்தியில் பஸ் நின்றது. என்னை இறக்கி, சைக்கிளைக் கடைச் சுவரோடு சாத்தி, நெளிந்த பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். யன்னலோரத்துச் சீற். பஸ் கிளம்ப, அவள் எனக்குக் கை காட்டவில்லை. பக்கத்தில் இருந்த பெட்டையிடம் பெட்டியின் நெளிவைக் காட்டி ஏதோ சொன்னாள். அந்தப் பெட்டை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் தங்கை வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.