வெயிலுமுத்து பென்ஷனுக்குச் சம்மதித்த கதை

தாராவியில் வெயிலுமுத்துவைப் போல ஒரு சந்தேகப் பேர்வழியைப் பார்ப்பது கஷ்டம். மீன் வாங்கினால் அதைப் பக்கத்துக் கடைத் தராசில் இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பார். மண்ணெண்ணெயை மோந்து பார்க்காமல் வீட்டுக்குள் விடமாட்டார். யாராவது சிரித்த முகத்தோடு "சொகமா அண்ணாச்சி?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவர் ஃபிட்டர். அவர் முடுக்கிய போல்ட்டை வேறு யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை, அவரே மூன்று தடவை பார்த்திருப்பார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய் அறுபத்து நாலாம் வருஷம் சர்க்கார் ஒரு கேள்வியைக் கேட்டது. ரிட்டையர் ஆகும்போது, சம்பளத்தில் பிடித்த ஃபண்டுப் பணத்தைச் சர்க்கார் பங்கோடு சேர்த்து மொத்தமாக வாங்கிக்கொள்கிறாயா? இல்லை, சர்க்கார் போட்ட பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு, சாகும்வரை மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறாயா? மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு மாற்ற முடியாது. அவருக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் சர்வீஸ். ஆண்பிள்ளை கிடையாது. ஒரே மகள் பூமாரியை அம்பர்நாத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. தப்பாக எழுதிக் கொடுத்தால் கடைசிக் காலத்தில் அவரும் மனைவி பேராச்சியும் யாரிடமாவது கையேந்த வேண்டியதுதான்.

"சாகுற வரைக்கும் தருவானாம்லா," என்றார் பேராச்சியிடம். "ஒர்க்‌ஷாப்காரன் வெளிய வந்து எத்தன நாளு இருக்கான்? சீக்கிரம் செத்துருவான்னு தெரிஞ்சுதான் இப்படி ஆச காட்டுதான்."

"பென்ஷனே வாங்குங்க," என்றாள் பேராச்சி, கருவாட்டை அலசிக்கொண்டே. அவள் அவ்வளவு சட்டென்று சொன்னதே அவருக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஊரே அவரிடம் தேனாகப் பேசியது. பேராச்சியின் தம்பி நம்பிராஜன் தகரப் பெட்டிப் பட்டறை வைத்திருந்தான். தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காதவன், அல்வாப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தான். "அத்தான், மொத்தமா வாங்கிருங்க. முலுண்ட்ல புதுப் பட்டறைக்கு ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன். நீங்கதான் பார்ட்னர்." அந்த அல்வாவை முதலில் நம்பிராஜனையே தின்னச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் வெயிலுமுத்து தொட்டார். ஊர்ச் சங்கத்துக்காரர்கள் வந்து, அடுத்த கோயில் கொடையில் அவருக்குத்தான் முதல் மாலை என்றார்கள். மாலைக்கு என்ன விலை என்று கேட்டு அவர்களை அனுப்பிவைத்தார். ஆபீஸ் கிளார்க் வைத்தீஸ்வரன், "பேசாம பென்ஷன்னு எழுதிக் கொடுத்துடும்," என்றார். இவருக்கு இதில் என்ன கமிஷனோ என்று எண்ணிக்கொண்டு வெயிலுமுத்து வெளியே வந்துவிட்டார்.

யார் பேச்சையும் நம்ப முடியாது, நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பே ரிட்டையராகி ஃபண்டுப் பணத்தை மொத்தமாக வாங்கிய செல்லப்பாண்டியைத் தேடிப் போனார். வாங்கிய வருஷம் தோளில் சரிகைத் துண்டோடு திரிந்த ஆள், இப்போது மகன் வீட்டு வாசலில் ஒரு பழைய பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். பணம் பெரியவன் கடைக்குப் பாதி, சின்னவன் கல்யாணத்துக்குப் பாதி என்று கரைந்துவிட்டது. அவர் இருமினார். உள்ளேயிருந்து மருமகள் ரேடியோ சத்தத்தைக் கூட்டினாள். "ஒரு டீ வாங்கித் தாரியா வெயிலு?" என்று கேட்டார் செல்லப்பாண்டி.

அங்கிருந்து பஸ் பிடித்துச் செம்பூருக்குப் போனார். அதே ஒர்க்‌ஷாப்பில் இருந்து பென்ஷனில் வெளியே வந்த ஹமீது, மகள் ரஷீதாவோடு இருந்தார். பேசிக்கொண்டிருக்கையில் ஹமீதும் இருமினார். அவ்வளவுதான், ரஷீதா சுக்குத் தண்ணியோடு ஓடி வந்தாள், மாப்பிள்ளை ஜன்னலைச் சாத்தினார், பேத்தி முதுகைத் தடவினாள்.

வெயிலுமுத்துவுக்குச் சந்தேகம் தாங்கவில்லை. அவர்கள் உள்ளே போனதும் கேட்டேவிட்டார். "இந்தக் கவனிப்பெல்லாம் உமக்கா, உம்ம பென்ஷனுக்கா?"

ஹமீது கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். "பென்ஷனுக்குன்னே வச்சுக்கிடும். நான் நூறு வயசு இருக்கணும்னு இந்த வீட்ல எல்லாரும் துவா கேக்காவ. செல்லப்பாண்டிக்கு யாருவே கேக்கா?"

திரும்பி வரும் வழியெல்லாம் வெயிலுமுத்து அதையே நினைத்துக்கொண்டு வந்தார். மனிதர்களின் அன்பை அவர் என்றைக்குமே நம்பியதில்லை. ஆனால் மனிதர்களின் ஆசையை நம்பலாம், அது பொய் சொல்லாது. மறுநாளே பென்ஷன் என்று எழுதிக் கொடுக்க ஆபீசுக்குப் போனார்.

"நல்ல காரியம்," என்றார் வைத்தீஸ்வரன். "இன்னொண்ணு தெரியுமோ? நீர் போனப்புறம் உம்ம சம்சாரத்துக்கும் ஒரு பங்கு வரும். அதுக்குன்னு ரிட்டையர் ஆறச்சே ரெண்டு மாசச் சம்பளம் பிடிச்சுப்பா."

வெயிலுமுத்து பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். நான் போன பிறகு அவளுக்கா? அதுவும் என் காசிலேயா? முதல் நாளே பென்ஷன், பென்ஷன் என்றாளே! யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்று முதல் வீட்டில் ஒரு புதுப் பக்தி தொடங்கியது. அமாவாசைக்குக்கூடக் காக்கைக்குச் சோறு வைக்காத மனிதர், தினமும் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தகரக் கூரை மேல் வைத்தார். வைத்துவிட்டு உடனே சாப்பிட உட்கார மாட்டார். காக்கை தின்று முடித்து, அலகைத் துடைத்து, நல்லபடியாகப் பறந்து போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பேராச்சி பாவம், வயதானதும் மனுஷனுக்குப் பெரியவர்கள் நினைப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

எழுதிக் கொடுக்க வேண்டிய கடைசி நாளும் வந்தது. அன்று காலை பார்த்து ஒரு காக்கையும் வரவில்லை. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதப் போகிற நேரம், பழைய சோறும் துவையலும் தட்டில் அப்படியே இருந்தன.

"காக்கா வரலன்னா நீங்க ஏன் பட்டினி கெடக்கிய?" என்றாள் பேராச்சி.

அவர் தட்டையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பேராச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட்டு எழுந்த பிறகே சோற்றில் கை வைத்தவள், அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்தே நாலு வாய் அள்ளித் தின்றாள். வாயில் சோறும் கண்ணில் நீருமாக நிமிர்ந்தாள்.

"போதுமா? இப்பத் தின்னுங்க."

வெயிலுமுத்து தட்டைப் பார்த்தபடி சொன்னார். "நான் செத்தா ஒனக்கு ஒரு பங்கு வரும்னு கிளார்க்கு சொன்னாரு. நீயும் மொத நாளே பென்ஷன்னு சொன்ன."

"பங்கும் கிங்கும் எனக்கு எங்க தெரியும்? எந் தம்பிய நெனச்சுச் சொன்னேன். மொத்தப் பணம் வீட்ல இருந்து, அவன் அக்கான்னு வந்து கண்ணக் கசக்குனான்னா, ஒங்களுக்குத் தெரியாமயே எடுத்துக் குடுத்துருவேன். எனக்கு எம்மேல நம்பிக்க கெடையாது. மாசாமாசம் அரிசிக்கும் எண்ணைக்கும் வாரத வச்சு எவன் பட்டற போடுவான்?"

ஊர் உலகத்தையெல்லாம் சந்தேகப்பட்டவருக்கு, தன்னைத்தானே சந்தேகப்படுகிற ஒருத்தியோடு இத்தனை காலம் குடித்தனம் செய்தது தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் வைத்த மிச்சத்தைச் சாப்பிட்டார். அன்றைக்கே ஆபீசில் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் வந்து சொன்னார். "எழுதிக் குடுத்தாச்சு. எனக்கப்புறம் ஒம் பேருக்கு வரும்."

"அந்தப் பங்கு யாருக்கு வேணும்?" என்றாள் பேராச்சி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "நீங்க இருந்து முழுசா வாங்கிக்கிட்டே இருங்க, போதும்."

இதில் ஏதாவது உள்நோக்கம் இருக்கிறதா என்று வழக்கம்போல யோசித்துப் பார்த்தார் வெயிலுமுத்து. இருந்தது. நன்றாகவே இருந்தது. அவள் போட்ட சோற்றில், பழக்கத்தில் காக்கைக்கு எடுத்த பிடியைத் திரும்பத் தட்டிலேயே போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.