ஏட்டில் ஏறிய வரி

கட்டினவர் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாம், தடையில்லை. அதனால் ஒருத்தி வீட்டுக்காரர் பேரை வாய்விட்டுச் சொன்னாள் என்றால் அவள் தாலி இறங்கியவள் என்று அர்த்தம். நான் இன்றைக்கு வரைக்கும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

ரங்கூனில் அவருக்கு அரிசி மில்லில் வேலை. குண்டு விழுந்த பிறகு பொம்பளைகளை முதலில் கப்பல் ஏற்றினார்கள். ஏணி பக்கத்தில் நின்று, "அடுத்த கப்பல்ல வந்துடறேன், நீ போய் ஒரு இடம் பாத்து வை" என்றார். பார்த்து வைத்தேன். நான் வந்து இறங்கின கொஞ்ச நாளில் மதராஸ் ஜனங்களும் ஜப்பான்காரனுக்குப் பயந்து ஊரைக் காலி செய்ய ஆரம்பித்தார்கள். மேற்கு மாம்பலத்தில் வீடு வீடாகப் பூட்டிக் கிடந்தது. விளக்கேற்ற ஆள் இருந்தால் போதும் என்று ஒரு ஓட்டு வீட்டு முன்னறையை எனக்குக் கொடுத்தார்கள். அடுத்த கப்பல் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பிறகு கப்பலே இல்லை. காட்டு வழியாக நடந்து வந்தவர்களைத் தேடிப் போய் விசாரித்தேன். ஒருத்தர் பார்த்தேன் என்றார். எங்கே, எப்போது என்று கேட்டால் அழ ஆரம்பித்துவிட்டார்.

தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. கூட்டுவேன், தண்ணீர் ரொப்புவேன். பிள்ளைகள் எழுதிப் போட்ட பலகையைத் துடைக்கும்போது ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துக்கொண்டேன். என் பேரை எழுதுவேன், மற்றதை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். யாரிடமும் போய் நின்றதில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம், இனி வரி கட்டுகிறவன், படித்தவன் என்றில்லாமல் வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டு என்றார்கள். ஆயாவுக்குமா என்று கேட்டேன். ஆயாவுக்கும்தான் என்றார்கள். ரங்கூனில் எங்களைக் 'கலா' என்பார்கள், வெளியிலிருந்து வந்த சாதி என்று. இங்கே வந்தால் ரங்கூன்காரி. ஏதாவது ஒரு தேசத்து ஏட்டில் என் பேர் ஏறினால் போதும் என்றிருந்தது எனக்கு.

பேர் எழுத வந்தவர் சாந்தோம் பக்கத்து வாத்தியார். சட்டைக்குள் சிலுவை தெரியும். மரியாதைக்காரர்.

"உங்க பேரும்மா?"

"பேனாவைக் கொடுங்க, நானே எழுதறேன்" என்றேன். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு நோட்டில் ஏற்றிக்கொண்டார்.

"வீட்டுக்காரர் பேர்?"

வாயை மூடிக்கொண்டேன். மற்ற வீடுகளில் பிள்ளை சொல்லும், நாத்தனார் சொல்லுவாள். அந்தத் தெருவில் அவர் பேர் தெரிந்த ஒரு ஜீவன் கிடையாது.

"அப்பா பேரைப் போட்டுக்குங்களேன்."

"கல்யாணம் ஆன பொம்பளைக்குப் புருஷன் பேர்தாம்மா எழுதணும்."

பக்கத்து வாசலிலிருந்து பாய் வீட்டம்மா வந்தாள். "அது சொல்லாது வாத்தியாரே. நான் மட்டும் சொன்னேனா? என் பொண்ணுதானே சொல்லிச்சு. அக்கா, நீ சாடை காட்டு. நாங்க சொல்றோம்."

ஒரு கையை விரித்து, மறு கையில் ஒரு விரலை நீட்டினேன். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ரிக்‌ஷாக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா அக்கா, ஆறு படி சோறு துன்னுவாரா?"

"கம்முனு கெட நைனா" என்றாள் பாய் வீட்டம்மா. "ஆறுதான்னு தெரியுது. அப்பாலே?"

முகத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"அட, நம்ம வடபழனிக்காரரு!" என்று ரிக்‌ஷாக்காரர் துடையைத் தட்டி, அந்தப் பேரைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தப் பேர் என் காதில் விழுந்து ஆறு வருஷத்துக்கு மேலிருக்கும். யாரோ அவரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

வாத்தியாரும் சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு, "அவர் எங்கே? அவர் பேரையும் ஏத்தணுமே" என்றார்.

"ரங்கூன்ல."

"கடிதாசு வருதா?"

"இல்லை."

"இருக்காரா, இல்லையாம்மா?"

தெருவில் சிரிப்பு நின்றுவிட்டது. இதற்குச் சாடை கிடையாது. பாய் வீட்டம்மா என் முகத்தையே பார்த்தாள், அவளாலும் சொல்ல முடியாது.

"வருவார்" என்றேன்.

வாத்தியார் என் நெற்றிக் குங்குமத்தை ஒரு தரம் பார்த்தார். குனிந்து என்னவோ எழுதினார். நான் எட்டிப் பார்த்திருக்கலாம், படித்திருப்பேன். பேர் ஏறிவிட்டதே என்ற பெருமையில் பார்க்காமல் விட்டேன்.

பல மாசம் கழித்து லிஸ்டை ஒட்டினார்கள். நான் பெருக்குகிற அதே பள்ளிக்கூடத்துச் சுவரில். விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு விரலால் தடவிக்கொண்டே போனேன். என் பேரை நானே கண்டுபிடித்தேன். அதற்கு அடுத்து எழுத்துக் கூட்டினேன். கா, ல, ஞ். அந்த ஞகரத்தில் கொஞ்சம் தடுமாறினேன். காலஞ்சென்ற. அதற்குப் பக்கத்தில் அவர் பேர், அதற்குப் பக்கத்தில் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சாந்தோமுக்குப் போனேன். வாத்தியார் பூசை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். நான் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இருக்கார்னு போட்டா எங்கேன்னு கேப்பாங்கம்மா. ரங்கூன்னு போட்டா, இந்தம்மா எந்தத் தேசம்னு மேல யாராவது கிளப்புவாங்க. உங்க பேரையே அடிச்சுடப் போறாங்கன்னு பயந்துதான் அப்படி எழுதினேன். என்னை மன்னிச்சுடுங்க."

"மாத்துங்க."

"நான் மாத்த முடியாது, அச்சாயிடுச்சு. மனு போடலாம். அவர் உசிரோட இருக்கார்னு தெரிஞ்ச ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும்."

என்னை உட்காரச் சொல்லி அவர் சம்சாரம் காபி கொடுத்தாள். அந்த மனுஷர் மேல் கோபம் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மனுக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தேன். பாய் வீட்டம்மா கட்டைவிரலை நீட்டினாள். "இந்தா, என் கைநாட்டு. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் கையெழுத்து வாங்கித் தரேன்."

"நீ அவரைப் பாத்திருக்கியா?"

"நீ இருக்கார்ங்கறே. எனக்கு அது போதும்."

பொய்ச் சாட்சியில் அவரை உயிரோடு வைக்க எனக்கு மனசில்லை. வேண்டாம் என்றேன். மனுவுக்குக் கொடுத்த கெடு முடிகிற வரைக்கும் அந்தக் காகிதம் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கெடு முடிந்த பிறகும் கிடந்தது.

ஓட்டுப் போடுகிற நாள் அதற்கு ரெண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. தலைக்குக் குளித்து, குங்குமம் வைத்துக்கொண்டு, பொம்பளைகள் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் பாய் வீட்டம்மா. உள்ளே இருந்த குமாஸ்தா என் வரியைச் சத்தமாகப் படித்தார். காலஞ்சென்ற என்று ஆரம்பித்து, அவர் பேரையும் படித்தார். தலையை நிமிர்த்தி என் நெற்றியைப் பார்த்தார், மறுபடி லிஸ்டைப் பார்த்தார்.

"இது நீங்க இல்லையே. யார் ஓட்டைப் போட வந்தீங்க?"

"நான்தான்."

"இது விதவைன்னு போட்டிருக்கேம்மா. உங்களுக்கு வீட்டுக்காரர் இருக்காரா, இல்லையா? சொல்லுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

மேஜையில் மைக்கூடு திறந்திருந்தது. பாய் வீட்டம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், போய்விடலாம் என்றா, போகாதே என்றா, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"எழுதியிருக்கிறபடிதான்" என்று சொல்லி விரலை நீட்டினேன்.